பெரட்டுக்கு வந்தவர்கள்

1983 ஜூலை 28. வியாழக்கிழமை. காலை 5.40. மூடுபனி. மேற்கிலிருந்து காற்று. இரவெல்லாம் பெய்த மழை நாலரைக்குத்தான் விட்டிருந்தது.

ஓடுகிறோம். மேலே. பதினான்காம் நம்பர் மலை வழியாகக் காட்டுக்கு. என் முதுகில் மகள் வசந்தி. ஆறு வயது. அவள் கை என் கழுத்தை நெரிக்கிறது. எனக்குச் செருப்பு இல்லை. கவ்வாத்து வெட்டிய குச்சிகள் பாதத்தில் ஏறுகின்றன. பின்னால் அடுத்த அறை செபமாலை அக்கா. தலையில் அரிசி மூட்டை. அவள் மூச்சு விசில் அடிப்பதுபோல் கேட்கிறது.

கீழே தப்பு அடிக்கிறது.

மூன்று அடி. இடைவெளி. மூன்று அடி. இடைவெளி. முந்தின நாள் மாலை முடிவு செய்தது அதுதான். மூன்று அடி என்றால் லொறி வருகிறது. மூன்று அடி என்றால் காடு.

நான் எண்ணுகிறேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. மூன்று. உடனே எதிர்மலை அதைத் திருப்பி அடிக்கிறது. மூன்று. மறுபடி தப்பு. மறுபடி எதிர்மலை. இடைவெளியே இல்லை. ஒரே தொடர்ச்சி. விடாத அடி.

விடாத அடி என்றால் பெரட்டு.

நின்றுவிட்டேன். செபமாலை அக்கா என் முதுகில் மோதினாள்.

"என்னாங்க மாஸ்டர், நிக்காதீங்க!"

இதைப் படிப்பவர்களில் பெரட்டைப் பார்க்காதவர்கள் இருப்பார்கள். காலை ஆறு மணிக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஸ்டோருக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை. கணக்கப்பிள்ளை ஆட்களை எண்ணுவார். யார் எந்த மலைக்கு என்று பிரிப்பார். அங்கே நின்றால்தான் அன்றைக்குப் பேர். பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். பிந்தினால் விரட்டிவிடுவார்கள். பேர் இல்லை. அழைப்பதற்குத் தப்பு அடிப்பார்கள். மற்றத் தோட்டங்களில் சங்கு வந்துவிட்டது. இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் கடைசிவரை தப்புதான். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான்கு தலைமுறை அந்தச் சத்தத்துக்கு எழுந்தது. என் தகப்பனார் எழுந்தார். அவருடைய தகப்பனார் எழுந்தார். தூக்கம் கலையுமுன்பே கால் தரையில் இருக்கும்.

என் தகப்பனார் ஒன்று சொல்வார். "சொதந்திரம் வந்தா இந்தத் தப்பு நிக்கும்டா." 1947 ஆகஸ்ட்டில் பொகவந்தலாவைக் கடைத்தெருவில் ஒரு செட்டியார் கடையில் ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். டில்லியில் கொடி ஏறியது. தகப்பனார் எட்டு மைல் நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். அங்கே வந்தது இங்கேயும் வரும், இது எங்கள் நாடு என்றார். வந்தது. 1948 பிப்ரவரி 4. காகிதத்தில் சிங்கக் கொடி வரைந்து லயத்துத் தகரத்தில் குத்தினார். எனக்கு அப்போது நான்கு வயது. அந்தக் கொடி மழையில் கரைந்து தகரத்தில் மஞ்சளாக வழிந்தது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலை தப்பு அடித்தது. அதே நேரம். அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டம் வந்தது. தகப்பனார் பிரஜை இல்லை. அம்மா இல்லை. நான் இல்லை. தகப்பனார் 1971ல் செத்தார். அன்று காலையும் தப்பு அடித்தது.

பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. தோட்டம் தேசத்தின் சொத்தாயிற்று. நாங்கள் எந்தத் தேசத்துக்கும் சொத்தாகவில்லை. இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுத் தலைவர்களும் 1964லேயே எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. என் மனைவி பாக்கியம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை.

இதையெல்லாம் என் தம்பி கதிர்வேல் வேறு மாதிரி பார்த்தான். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. வயது இருபத்து நான்கு. எங்கிருந்தோ சிறு பத்திரிகைகள் வரும். வியட்நாம், அல்ஜீரியா, கெனியா. ஞாயிறு பின்னேரம் என் பள்ளிக்கூட அறையில் ஆட்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டுவான். நான் அங்கே மாஸ்டர். சாவி என்னிடம். ஜன்னலைச் சாத்து, சத்தம் வெளியே போகிறது என்று நான்தான் நச்சரித்துக்கொண்டிருப்பேன்.

"கெனியாவுலயும் நம்மள மாதிரிதான் மதினி. மல. தேயில. தொர. அந்தச் சனங்க காட்டுக்குள்ள போயி நின்னு வெள்ளக்காரன வெரட்டுனாங்க."

"அந்தக் காட்டுல அட்ட கெடையாதாக்கும்?" என்றாள் பாக்கியம்.

எல்லோரும் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்தான்.

"சிரிங்க மதினி. ஒரு நாளக்கி நீங்களும் காட்டுக்குப் போவீங்க."

"நான் வரல சாமி. எனக்கு வெள்ளனப் பெரட்டு இருக்கு."

செபமாலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவுங்க வெள்ளக்காரன வெரட்டுனாங்க. இங்க வெள்ளக்காரன் எப்பவோ போயிட்டான். இப்ப நம்ம யார வெரட்டுறது தம்பி?"

"யாரயும் வெரட்ட வேணாம்க்கா. நம்மள வெரட்டாம இருந்தாப் போதும். ஒழச்சவனுக்கு மண்ணு. எல்லா நாட்டுலயும் கேட்டது அத மட்டுந்தான்."

அவன் முகம் அப்போது எங்கள் தகப்பனார் முகம். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை கொழும்பில் தமிழ் ஆட்களை அடிக்கிறார்கள், எரிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது; ரேடியோவில் ஊரடங்கு என்றார்கள். செவ்வாய் பஸ் இல்லை. அட்டன் பக்கம் புகை தெரிந்தது. அரசாங்கம் போட்ட தொரை காரில் ஏறிப் போய்விட்டார். கணக்கப்பிள்ளையும் கூடவே. செவ்வாயும் புதனும் தப்பு அடிக்கவில்லை. பெரட்டு இல்லை. பேர் இல்லை. அரிசிக் கொட்டிலுக்குப் பூட்டு. இரண்டு நாளாக லயங்களில் கேட்ட பேச்சு ஒன்றுதான். வேலை எப்போது கொடுப்பார்கள்?

புதன் மாலை 3.15க்கு ரொட்டி விற்கும் பாண்காரச் சோமபால சைக்கிளில் வந்தார். பின்னால் பாண் பெட்டி இல்லை. மதகடியிலேயே ஒரு காலை ஊன்றி நின்று சிங்களத்தில் கத்தினார்.

"மாஸ்டர்! ஹெட்ட எனவா! உதேட்டம எனவா! லொறி தெகக்!"

நாளைக்கு வருகிறார்கள். விடிகாலையிலேயே. இரண்டு லொறி. அவ்வளவுதான். இறங்கவில்லை. திரும்பி மிதித்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

பள்ளிக்கூடத்தில் கூடினோம். பத்தொன்பது பேர். அன்றிரவே காட்டுக்குப் போகலாம் என்றான் கதிர்வேல். மழை கொட்டியது. தோட்டத்தில் பதினொரு கைக்குழந்தைகள். விடியட்டும் என்றார்கள். ஏற்கெனவே இரண்டு முறை வருகிறார்கள் என்று சொல்லி யாரும் வரவில்லை. சரி, மதகு மேட்டில் காவல். பாலத்தில் லொறி வெளிச்சம் தெரிந்ததும் எல்லா லயத்துக்கும் கேட்கும்படி ஒரு சத்தம். எந்தச் சத்தம்? கோயில் மணி என்றேன் நான். மணி சிறிது, கீழ் லயத்துக்குக் கேட்காது என்றார்கள். அதுவும் சரிதான்.

"தப்பு," என்றான் கதிர்வேல். "நம்மள அடிமையா எழுப்புன தப்பு. அத நம்ம கையில எடுப்போம். எல்லா எடத்துலயும் அப்படித்தான் செஞ்சாங்க. தொர குடுத்த சாமானத் தொரக்கே திருப்புனாங்க."

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதை எழுதத்தான் வேண்டும். அது நல்ல யோசனை.

தப்படிக்கும் மாரிமுத்து அண்ணன் மூலையில் குந்தியிருந்தார். "நனஞ்சா இது பேசாது தம்பி. காய வைக்க நெருப்பு வேணும்." ஒரு பழைய வாளியில் சிரட்டைக் கரி ஏற்பாடாயிற்று. மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. வெளியே கேட்கக்கூடாது என்று பிஸ்கட் டின்னின் மேல் விரலால் தட்டிப் பழகினார். எல்லோரும் கேட்டோம். தெளிவாக இருந்தது. பிஸ்கட் டின்னுக்கு எதிர்மலை பதில் சொல்லாது.

லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். பாக்கியம் அன்று கீழ் லயத்தில். அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்து நான்கு நாள். இரவு ஏழு மணிக்குக் கதிர்வேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மதினிக்குத் தெரியும், மூன்று அடி என்று திருப்பிச் சொன்னாங்க, என்றான். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னான்.

5.46. காற்று பனியைக் கிழிக்கிறது. பதினான்காம் மலையிலிருந்து தோட்டம் முழுவதும் தெரிகிறது. பாதைகள் தெரிகின்றன.

ஆட்கள் வருகிறார்கள். மேலே அல்ல. கீழே. ஸ்டோருக்கு.

முதுகில் கூடை. பெண்கள் நடந்துகொண்டே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுகிறார்கள். ஒருத்தி வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டு ஓடுகிறாள். எல்லாப் பாதையிலும். இரண்டு நாள் பேர் இல்லாதவர்கள். சத்தம் கேட்டது. வேலை கொடுக்கிறார்கள். சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் வருமுன் கால் கிளம்பிவிட்டது.

"பெரட்டு இல்ல! மேல வாங்க! பெரட்டு இல்ல!"

காற்று என் முகத்திலேயே திருப்பி அடித்தது.

வசந்தியை இறக்கினேன். அவள் கையைச் செபமாலை அக்கா கையில் வைத்தேன். "அப்பா!" என்றாள். திரும்பவில்லை. ஓடினேன். கீழே.

பன்னிரண்டாம் மலை. பத்தாம் மலை. இரண்டு முறை விழுந்தேன். நடு லயத்துப் பாதையில் ஆட்கள் எதிர்ப்பட்டார்கள். முன்னால் ஒரு கிழவி. பல் இல்லாத சிரிப்பு.

"என்னா மாஸ்டர், நீங்களும் பெரட்டுக்கா?"

"பெரட்டு இல்லீங்க! லொறி வருது! மேல ஓடுங்க!"

"தப்பு அடிக்குதே மாஸ்டர். பிந்துனா வெரட்டிப்புடுவாங்க."

என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பெண்ணின் கூடையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க மாஸ்டர், கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அப்போது தப்பு வேகம் எடுத்தது.

வெளிச்சம் பாலத்தைத் தாண்டி மேலே ஏறுவதை மாரிமுத்து அண்ணன் கண்டிருக்கிறார். முதல் லொறி. இரண்டாவது. பயத்தில் பலமாக அடிக்கிறார். விரைவாக அடிக்கிறார். பலமான, விரைவான அடி என்றால் எங்கள் தோட்டத்தில் ஒரே அர்த்தம். கணக்கப்பிள்ளை எண்ணத் தொடங்கப் போகிறார். கடைசி அழைப்பு.

நடந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

அவர் அடிக்க அடிக்க இவர்கள் ஓடினார்கள். இவர்கள் வருவதைக் கண்டு அவர் இன்னும் அடித்தார். நான் கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஏழாம் மலை விளிம்பு. அங்கிருந்து மதகு மேடு தெரியும். கீழே பெரட்டுக் களமும் தெரியும். மேட்டில் கதிர்வேல். இரண்டு கையையும் வீசிக் கத்துகிறான். பாதையைப் பார்த்து. பிறகு மாரிமுத்து அண்ணனைப் பார்த்து. அவர் குனிந்து அடித்துக்கொண்டே இருக்கிறார். பின்னாளில் அவர் என்னிடம் சொன்னார். "தம்பி நிறுத்துன்னு கத்திருக்கு மாஸ்டர். எனக்குக் கேக்கல. அடிக்கிறவனுக்கு வேற சத்தம் கேக்காது."

கதிர்வேல் இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். தப்பைப் பிடித்தான். தோலைக் கிழித்தான்.

நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் அந்த மலையில் கேட்டதில்லை. எதிர்மலை கடைசி மூன்றை அடித்துவிட்டு அதுவும் ஓய்ந்தது. எல்லாப் பாதையிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு காலைத் தூக்கியபடி நின்றவர்களைக் கண்டேன். தப்பு நின்றால் கால் நின்றுவிடும். "என்னா, பேரு மூடிட்டாங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

பிறகு எஞ்சின் சத்தம். இரண்டாம் கியர். மதகு வளைவு.

"ஓடுங்க!" கதிர்வேல் குரல். "காட்டுக்கு ஓடுங்க! மூணு அடி! மூணு அடி!"

இப்போது கேட்டது. பாதைகளில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கூடைகள் உருண்டன. தேயிலைக்குள் புகுந்தார்கள். மேலே. மேலே. ஒவ்வொரு மலையும் நடுங்குவதுபோல் செடிகள் ஆடின.

கதிர்வேல் ஓடவில்லை. மேட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கினான். லொறிக்கு முன்னால். கையில் கிழிந்த தப்பு. எதற்காக என்று எனக்குத் தெரியும். களத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். களத்துக்கு ஒரு பக்கம் ஸ்டோர்ச் சுவர். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் ஆழக் கான். ஒரு பக்கம் மண்மேடு. திறந்த பக்கம் ரோடு.

களத்தில் இருபத்தேழு பேர். வரிசையாக. முதலில் வந்தவர்கள். ஒரு நாளும் பிந்தாதவர்கள்.

இரண்டாம் வரிசை. இடமிருந்து மூன்றாவது. பாக்கியம். தலையில் அவள் தங்கையின் பச்சைத் துண்டு.

அண்ணாந்து பார்த்தாள். என்னைக் கண்டாள். நாற்பது கெஜம் இருக்கும்.

"புள்ள எங்க?"

"மேல!"

"போங்க! புள்ளகிட்டப் போங்க!"

லொறிகள் நின்றன. பின்கதவுகள் விழுந்தன. டாங், டாங். இரண்டு. இறங்கியவர்களை என்னால் எண்ண முடியவில்லை. வாழ்க்கையில் எண்ண முடியாமல் போனது அது ஒன்றுதான். இரும்புக் கம்பி. பெற்றோல் கேன். எல்லோரும் ஒரே வார்த்தையைக் கத்தினார்கள்.

"அப்பே ரட்ட! அப்பே ரட்ட!"

எங்கள் நாடு. என் தகப்பனார் கற்கண்டு கொடுத்தபோது சொன்னதும் அதுதான். கதிர்வேல் பள்ளிக்கூடத்தில் வாசித்ததும் அதுதான். வியட்நாமில் சொன்னார்கள். அல்ஜீரியாவில் சொன்னார்கள். வெள்ளைக்காரனை விரட்டக் கற்ற வார்த்தை. அவன் போய் முப்பத்தைந்து வருடம். இப்போது அது லொறியில் ஏறி எங்களைத் தேடி வந்தது. அன்று இந்த யோசனை வரவில்லை. யோசிக்க அன்று நேரம் இல்லை. நாற்பது வருடமாக யோசிக்கிறேன்.

மண்மேட்டிலிருந்து குதித்தேன். நெருப்பு எழுந்தது. சூடு முகத்தில் அறைந்தது. பச்சைத் துண்டைத் தேடினேன். யாரோ அடித்தார்கள். இடது கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் விறகு முறிவதுபோல் இருந்தது. வலி பிறகுதான்.

7.10க்குக் கானில் விழித்தேன். என்மேல் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவர் உயிரோடு இருந்தார். மழை மறுபடி தொடங்கியிருந்தது. லொறிகள் இல்லை. தகரம் வெடிக்கும் சத்தம் லயங்களிலிருந்து வந்தது. டப். டப். நான் எழுந்து களத்துக்குப் போனேன். கண்டதை எழுத மாட்டேன். பச்சைத் துண்டைக் கண்டேன். அது போதும்.

கதிர்வேல் மதகின் கீழே கிடந்தான். தப்பின் மரவளையம் அவன் தோளில் மாட்டியிருந்தது. கழற்ற முடியவில்லை. அப்படியே புதைத்தோம்.

காட்டில் நான்கு நாள் இருந்தோம். வசந்தியின் காலில் அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பாக்கியம் பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. அம்மா எப்ப வரும் என்று வசந்தி கேட்டாள். பெரட்டுக்குப் போயிருக்கு என்றாள் செபமாலை அக்கா. வேறு என்ன சொல்வாள்?

ஐந்தாம் நாள் ராணுவ வண்டி வந்தது. ஆறாம் நாள் கணக்கப்பிள்ளை வந்தார். ஏழாம் நாள் காலை எழுந்திருக்கச் சொல்லத் தப்பு இல்லை. ஸ்டோர்க் கதவில் இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு அடித்தார்கள். ஆட்கள் போனார்கள். அரிசி வேண்டும்.

இப்போது எனக்கு எண்பத்தொரு வயது. கொட்டகலையில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவளும் ஆசிரியை. கதவைப் பூட்டினாயா என்று இரவில் மூன்று முறை கேட்கிறேன். மூன்று முறையும் பூட்டியாச்சுப்பா என்கிறாள். திட்டுவதில்லை. 2003ல் சட்டம் வந்து எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஐம்பத்தொன்பது வயதில். காகிதத்தைக் கையில் வாங்கியபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கதிர்வேலின் யோசனை பிழையா என்று கேட்கிறார்கள். இளைஞர்கள் வருகிறார்கள், ரெக்கோடரை வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடிமையாக்கிய சாமானைத் திருப்பலாம் என்றான். திருப்பினான். எங்கள் கால்கள் திரும்பவில்லை. அதற்கு அவனுக்கு ஒரு இரவுதான் இருந்தது. தப்புக்கு நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. கடைசியில் அதைக் கிழித்தவனும் அவன்தான். அந்த அமைதியில் திரும்பி மேலே ஓடியவர்களை நான் பல வருடம் தேடித் தேடி எண்ணினேன். நுவரெலியாவில், அக்கரப்பத்தனையில், கப்பலேறி இந்தியா போனவர்களைக் கடிதத்தில். நூற்று முப்பத்துநான்கு பேர். இன்னும் ஒருவர் இருவர் விட்டிருக்கலாம். விட்டிருக்கும்.

கணக்கு இது.

களத்தில் நின்றவர்கள் இருபத்தேழு. கானில் குதித்தும் சுவரேறியும் தப்பியவர்கள் இருபத்திரண்டு. அவர்களில் முழு உடம்போடு இருந்தவர்கள் ஒன்பது. களத்தில் செத்தவர்கள் ஐந்து. ரோட்டில் ஒன்று.

எரிந்த அறைகள் நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடம் ஒன்று. அதிலிருந்த புத்தகங்கள் இருநூற்றுப் பதினாறு. கதிர்வேலின் பத்திரிகைகள், அவன் எண்ண விட்டதில்லை.

எனக்குப் போனவை: இடது கையில் விரல் இரண்டு. தம்பி ஒருவன். மனைவி ஒருத்தி. வயது முப்பத்தொன்று. எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. ஒன்பது வருடம் பெரட்டுக்குப் போனாள். பிந்திய நாள் ஒன்றும் இல்லை.

மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். ஜூலை 28 வியாழக்கிழமை, பெரட்டுக்கு வந்தவர்களுக்குப் பேர் உண்டா என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரட்டு எடுக்கவில்லையே மாஸ்டர் என்றார்.

அன்றைக்கு விழுந்த பேர்: ஒன்றுமில்லை.